எர்ணாவூர் மாடியில் வலை எங்கே காயும்?

எண்ணூர் பக்கம் போனவங்க எர்ணாவூரில் அரசாங்கம் கட்டின அடுக்குமாடி வரிசையைப் பார்த்திருப்பீங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடு போன வடசென்னை மீனவக் குடும்பங்கள் பலரை முதலில் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகையில் வைத்தார்கள். அடுத்த வருஷ மழையில் அங்கே வெள்ளம். பிறகுதான் எர்ணாவூர் மாடி வீடு.

கான்கிரீட் வீடு, குடிசையைவிட உறுதி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனா வலையை மேல்மாடிக்கு எப்படித் தூக்குறது? கருவாடு எங்கே காயப்போடுறது? ராத்திரி ரெண்டு மணிக்குக் காசிமேட்டுக்கு பஸ் ஏது?

இதையெல்லாம் சுனாமிக்கு 30 வருஷம் முன்னாடியே யோசித்த ஒருத்தர் இருந்தார். லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். யுத்த காலத்தில் சீனாவில் மருத்துவ சேவை செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டுற சாமான் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கணும் என்ற காந்தியின் பேச்சு அவரைப் பிடித்துக்கொண்டது. 1945-ல் இந்தியாவுக்கே வந்து, தொழுநோயாளிகளுக்கான கட்டடங்களில் வேலையைத் தொடங்கினார். இமயமலையில் பித்தோராகரில் 16 வருஷம் இருந்து, மலைக்காரங்க கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டுவதைப் பார்த்துக் கற்றார். அப்புறம் திருவனந்தபுரம்.

ஐந்து மைல் கணக்கு நமக்கும் புதுசில்லை. சிமென்ட் வராத காலத்து மெட்ராஸில் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்புதான். கரையில் கிடைத்ததை அரைத்துப் பூசினாங்க, சுவர் கண்ணாடி மாதிரி மின்னிச்சு.

பேக்கர் செங்கல்லைக் குத்துக்கல்லாக வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார். எலிப்பொறிக் கட்டு என்று பேர். கால்வாசி செங்கல் மிச்சம், வீட்டுக்குள் சூடும் குறைவு. பூச்சு கிடையாது. ஜன்னலுக்குப் பதில் செங்கல்லில் ஓட்டை ஓட்டையாக ஜாலி. பழைய காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டு, கொத்தனாரோடு தளத்தில் நின்று கட்டின ஆள்.

1970-களின் நடுவில் திருவனந்தபுரம் பூந்துறையில் மீனவர் குடியிருப்பு கட்டினார். வீடுகளை ராணுவ வரிசையாக நிறுத்தாமல் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வைத்தார். எல்லா வீட்டுக்கும் கடல் தெரியணும், காற்று வரணும், வாசலில் கொஞ்சம் தரை இருக்கணும். வலை காய அந்தத் தரை போதும். எனக்கு அவருடைய பெரிய கட்டடங்களைவிட இதுதான் பெருசாத் தெரியுது. நெல் காய வைக்கக் களம் இல்லாத வீட்டை எந்த விவசாயி வீடுன்னு சொல்வான்?

அவரோடு வேலை செய்த பெனி குரியாகோஸ், சுனாமிக்குப் பிறகு நம்ம தரங்கம்பாடி, சின்னங்குடியில் மீனவர்களுக்கு வீடு வடிவமைத்தார். குடும்பங்களோடு பேசித்தான் வரைந்தார்கள். அதே சுனாமி, அதே மாநிலம். சென்னையில் நிலம் விலை அதிகம்னு பதில் வரும். உண்மைதான். ஆனா கேட்கிறதுக்கு நிலம் வேண்டாமே.

பேக்கர் 2007-ல் இறந்தார். இன்றைக்கு எண்ணூருக்கு வந்திருந்தால் ஐந்து மைலுக்குள் அவருக்கு அதிகம் கிடைக்கிறது அனல்மின் நிலையச் சாம்பல்தான். அதிலும் செங்கல் அறுக்கிறாங்க, உறுதியாவே இருக்கு. மனுஷன் அதையும் ஓட்டை விட்டுத்தான் அடுக்கியிருப்பார்.