ஒரு கார் ஓட இன்னொரு கார்

இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை தயாரிக்கப்பட்டது ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற். நண்பர் ஒருவர் தமது பழைய சொமர்செற்றை மீண்டும் ஓடவைக்க முனைந்தபோது, உதிரிப்பாகங்களுக்காக இன்னொன்றைத் தேடி அவருடன் நானும் யாழ்ப்பாணத்தில் அலைந்தேன்.

வடலிகளுக்கிடையே ஒன்று கிடந்தது. தகடுகள் உக்கிப்போயிருந்தன. இவ்வகைக் காரில் உடலும் அடிச்சட்டமும் தனித்தனி என்பதால் சட்டம் தப்பியிருந்தது. 1200 சிசி இயந்திரமும் முழுமையாக இருந்தது. விலை பேசி வாங்கினோம்.

மெக்கானிக் காபரேற்றரைக் கழற்றியபோது, அதனருகே பின்னாளில் பொருத்தப்பட்ட மெல்லிய குழாயொன்றைக் கண்டேன். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளரும் கர்ப்பிணிகளும் அந்தக் கரும்புகையோடுதான் ஆஸ்பத்திரிக்குச் சென்றனர்.

தேவையற்றதென மெக்கானிக் குழாயை எறியப் போனார். நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். தொழிற்சாலை வடிவத்துக்குக் காரைத் திருத்துவோர் இவற்றை வீசிவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அக்காலத்தை நாம் எவ்வாறு கடந்தோம் என்பதற்கு எஞ்சிய சான்றுகளில் இவையும் அடங்கும்.