அளவு வைத்தது யார் உடம்புக்கு?

அஸ்தினாபுரத்துக்குப் பக்கத்து ஊர் குரோம்பேட்டை. சாமி பேரும் இல்லை, சாதிப் பேரும் இல்லை; ரசாயனத்தின் பேரைச் சுமக்கிற ஊர். 1912 வாக்கில் சேம்பர்ஸ் துரை தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பேரு அது. துரையின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் அலசினவர்கள் பெயர் இல்லை. எங்க தாத்தாவும் பல்லாவரம் பக்கம் ஒரு சின்ன தோல் ஷாப்பில் கூலிதான். விரல் இடுக்கில் ஆறாத புண்ணு அவருக்கு.

குடிதண்ணியில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1958லேயே சொன்ன எண் இது. நம் நாட்டுத் தர அளவும் இதுதான். ஆனால் தோல் ஷாப்பு வெளியே விடுகிற கழிவுத் தண்ணியில் 2 மில்லிகிராம் வரை இருக்கலாம். நாற்பது மடங்கு! முதல் எண் உடம்பைப் பார்த்து வைத்தது. ரெண்டாவது, எந்திரத்தால் எவ்வளவு சுத்தம் செய்ய முடியும் என்று பார்த்து வைத்தது. வெளியே போனால் நல்ல தண்ணியோடு கலந்து நீர்த்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற பாலாற்றில் எதோடு கலக்கும்? நிலத்துக்குள் இறங்கும். கிணத்துக்கு வரும்.

தோல் பதனிடுகிற மூன்று இணைதிறன் குரோமியம் அவ்வளவு விஷமில்லை, ஆறு இணைதிறன் குரோமியம்தான் புற்றுநோய் தரும் என்பார்கள். உண்மைதான். அதற்குத்தான் 2024ல் கலிபோர்னியா தனியாக 0.01 என்று வைத்தது. நமக்கு அப்படித் தனி எண் இல்லை.

காத்துக் கதை இன்னும் பச்சை. 1994 அறிவிப்பில் மிதக்கும் தூசுக்கு ஆண்டு சராசரி, கன மீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்: பாதுகாக்க வேண்டிய இடங்களுக்கு 70, குடியிருப்புக்கு 140, தொழிற்பகுதிக்கு 360. ஊர்க் கிணறு, சேரிக் கிணறு மாதிரி காத்தையும் பிரித்தார்கள். கம்பெனி மதிலை ஒட்டிக் குடிசை போட்டவன் நுரையீரல் ரெண்டரை மடங்கு தாங்கும் என்று எந்த டாக்டர் சொன்னார்? தொழிற்பகுதிக்கும் குடியிருப்புக்கும் ஒரே அளவு என்றானது 2009 நவம்பரில்தான்.

1996 ஆகஸ்ட் 28ல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், கெடுத்தவனே காசு கட்டணும் என்றது உச்சநீதிமன்றம். நம் செங்கை மாவட்டத் தோல் ஷாப்புகளும் அதில் அடக்கம். ஆளுக்குப் பத்தாயிரம் அபராதம். நல்ல தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் பிறகு வேலூர்ப் பக்கம் நஷ்டஈடு கணக்கிட்டபோது கெட்டுப்போன விளைநிலத்தை அளந்தார்கள். தொட்டிக்குள் நின்றவனுக்கு அளந்து காட்ட நிலம் ஏது?