நாள் குறிக்கும் உரிமை: வாடகை விளையாட்டு சர்வர்களில் பருவவிழாக்களின் வரலாறு

பலர் கூடி ஆடும் கணினி விளையாட்டுகளில் திருவிழாக்கள் தாமாகவே வந்து போகின்றன என்பது ஆடுவோரின் பொதுவான எண்ணம். அக்டோபர் இறுதியில் பூசணித் தலைகள் தோன்றுகின்றன; டிசம்பரில் வானிலிருந்து பரிசுப் பெட்டிகள் விழுகின்றன; ஜனவரியில் எல்லாம் மறைந்துவிடுகின்றன. மாத வாடகை கொடுத்து ஒரு சர்வரை எடுத்து நடத்துபவருக்கோ இவ்விழா ஒரேயொரு அமைப்பு வரி. பல விளையாட்டுகளில் அவ்வரியை அவர் எழுதாவிட்டால் விழா இல்லை. மே மாதத்தில் எழுதினால் மே மாதத்திலேயே ஹாலோவீன். அந்த வரியை எழுதும் உரிமை கடந்த முப்பது ஆண்டுகளில் எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது என்பதைப் பின்தொடர்ந்தால், விழாநாளைக் குறிக்கும் அதிகாரம் யாருடையது என்ற மிகப் பழைய வழக்கொன்றின் அண்மைக்கால வடிவத்தைக் காணலாம்.

தொடக்கத்தில் காலம் முழுவதும் இயந்திரத்தின் உடைமையாளருடையதாகவே இருந்தது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் எழுத்துவழி உலகம், பல்கலைக்கழகத்தின் டெக்-10 கணினியில் இயங்கியது. வெளியார் அதில் நுழைய, அக்கணினி ஓய்ந்திருக்கும் பின்னிரவு வரை காத்திருக்க வேண்டும். எப்போது ஆடலாம் என்பதையே நிறுவனம்தான் முடிவு செய்தது.

இந்நிலை மாறியது 1996இல். ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'குவேக்' விளையாட்டின் சர்வர் நிரலை எவரும் தம் கணினியில் இயக்க முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'குவேக்வேர்ல்ட்' இணையவழி ஆட்டத்தை இன்னும் எளிதாக்கியது. ஆனால் வீட்டுத் தொலைபேசி இணைப்பு பலர் ஆடும் சுமையைத் தாங்காது. எனவே தரவு மையங்களில் கணினிகளை வைத்து, எத்தனை ஆட்டக்காரருக்கு இடம் வேண்டும் என்று கணக்கிட்டு மாத வாடகைக்கு விடும் தொழில் உருவாயிற்று. மென்பொருள் ஒருவருடையது, கணினி இன்னொருவருடையது, அதற்குள் நடக்கும் ஆட்டத்தின் விதிகள் மூன்றாமவருடையவை. பிற்காலப் பிணக்குகள் அனைத்தும் இந்த மூன்று தரப்பு ஏற்பாட்டிலேயே பொதிந்திருந்தன.

குவேக்கின் மீது ஆஸ்திரேலியாவில் ராபின் வாக்கர், ஜான் குக், இயன் கௌலி ஆகியோர் 'டீம் ஃபோர்ட்ரஸ்' என்ற மாற்றுவடிவத்தை 1996 ஆகஸ்ட் 24 அன்று வெளியிட்டனர். பின்னர் வால்வ் நிறுவனம் உருவாக்கிய 'டீம் ஃபோர்ட்ரஸ் 2', அந்த ஆகஸ்ட் 24ஐத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அன்று ஆட்டக்களத்தின் மருந்துப் பெட்டிகள் கேக்குகளாக மாறுகின்றன. 2009 அக்டோபர் 29 அன்று இவ்விளையாட்டு தன் முதல் ஹாலோவீனைக் கண்டது. சர்வர் நடத்துவோருக்கு இவ்விளையாட்டு அளித்த கட்டளைகளுள் விழாவை வலிந்து நிறுவும் கட்டளை ஒன்றும் உண்டு. அதற்கு ஓர் எண் மட்டும் கொடுத்தால் போதும்: ஒன்று பிறந்தநாள், இரண்டு ஹாலோவீன், மூன்று கிறிஸ்துமஸ், சுழியம் என்றால் வலிந்து நிறுவப்படும் விழா இல்லை. நாட்காட்டி ஒரு சில எண்களுக்குள் அடங்கிவிட்டது.

இந்தக் கட்டளை நடைமுறைத் தேவையிலிருந்து பயன்பட்டது. ஹாலோவீனுக்குரிய தொப்பிகளையும் முகமூடிகளையும் விழாக்காலத்திலும் முழுநிலவு நாள்களிலும் மட்டுமே அணிய முடியும் என்று வால்வ் விதித்திருந்தது. (திதி பார்த்து ஆடை அணியச் சொல்லும் துப்பாக்கி விளையாட்டு உலகில் வேறு இருக்கிறதா என்பது ஐயமே.) பணம் கொடுத்து வாங்கிய பொருளை ஆண்டு முழுவதும் அணிய விரும்பியோர், விழா எண்ணை நிலையாக இரண்டில் வைத்திருக்கும் தனியார் சர்வர்களைத் தேடிச் சென்றனர். நிறுவனமும் இத்தேவையை அறிந்தே இருந்தது. பயன்படுத்தினால் சர்வரில் இருப்போரிடையே வாக்கெடுப்பு நடத்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஹாலோவீனை நிறுவும் மந்திரப் பொருள் ஒன்றை விளையாட்டுக்குள்ளேயே அது கொண்டுவந்தது. சர்வர் நடத்துபவர் கட்டளையால் இலவசமாகச் செய்ததை ஆட்டக்காரர் ஒரு பொருளைச் செலவழித்துச் செய்யும் ஏற்பாடு அது. திருவிழா, மணிக்கணக்கில் அளக்கப்படும் நுகர்பொருளாகத் தெளிவாக வடிவம் பெற்ற தருணங்களுள் இதுவும் ஒன்று. 2014 முதல் விரைவு இணைப்பை நாடியோரை வால்வ் தன் சொந்த சர்வர்களுக்கே முதன்மையாக அனுப்பத் தொடங்கியதும், 2016 ஜூலையில் அந்த இணைப்பு முறையே நீக்கப்பட்டுப் புதிய ஏற்பாடு வந்ததும் தனியார் சர்வர்களின் கூட்டத்தைக் குறைத்தன. கட்டளை இருந்தது, அதைக் கேட்போர் குறைந்தனர்.

'மைன்கிராஃப்ட்' வேறு வழியில் சென்றது. அதில் இத்தகைய கட்டளையே இல்லை. நிரல் நேரடியாகக் கணினியின் கடிகாரத்தைப் பார்க்கிறது. அக்டோபர் 31 என்றால், தோன்றும் பிணங்களிலும் எலும்புக்கூடுகளிலும் ஒரு பங்கு பூசணிக்காயைத் தலையில் கவிழ்த்துக்கொள்கின்றன. இது சர்வரின் கடிகாரம். டிசம்பர் 24 முதல் 26 வரை மரப்பெட்டிகள் பரிசுப் பொட்டலங்களாகத் தோன்றுகின்றன. இதுவோ ஆடுபவரின் வீட்டுக் கணினியின் கடிகாரம். ஒரே உலகில் இரண்டு பஞ்சாங்கங்கள். சென்னையிலிருந்து ஆடும் மாணவருக்குப் பரிசுப் பெட்டி தம் ஊர் நள்ளிரவில் வருகிறது. உலகப் பொது நேரத்தில் இயங்கும் சர்வரில் பூசணித் தலையோ காலை 5.30 மணிக்குத்தான் வருகிறது. சூரிய உதயத்தில் நாள் பிறப்பதாகக் கொண்ட மரபினருக்கு இந்த இரண்டாவது கணக்கு ஏறத்தாழ இயல்பாகவே தோன்றக்கூடும்.

இங்கு வாடகைதாரரின் நிலை கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரே பெரிய கணினியைப் பலருக்குப் பங்கிட்டு வாடகைக்கு விடும்போது, அக்கணினியின் கடிகாரத்தைத் திருத்தும் உரிமை வாடகைதாரருக்குக் கிடைப்பதில்லை. தன் கணினியில் தானே சர்வர் நடத்துபவர் தேதியை மாற்றி எந்நாளிலும் ஹாலோவீனை வரவழைக்கலாம். வாடகைதாரர் தனிச் செருகுநிரல் ஒன்றைத் தேட வேண்டும். குடியிருப்பவர் வீட்டுக்குள் எதையும் அடுக்கலாம். சுவர்க் கடிகாரம் வீட்டுக்காரருடையது.

2015இல் ஸ்டூடியோ வைல்ட்கார்ட் வெளியிட்ட 'ஆர்க்: சர்வைவல் இவால்வ்ட்' விளையாட்டில்தான் விழாவை இயக்குவது வாடகைதாரரின் வழக்கமான கடமைகளுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டிலேயே ஹாலோவீன், அமெரிக்க நன்றி நவிலல் நாள், கிறிஸ்துமஸ் ஆகிய மூன்றும் வந்தன. அடுத்த பிப்ரவரியில் காதலர் நாளும் சேர்ந்தது. நிறுவனத்தின் சர்வர்களில் விழா தானே தொடங்கும். தனியார் நடத்தும் சர்வரில், தொடக்கக் கட்டளையின் இறுதியில் 'ஆக்டிவ் ஈவென்ட்' என்று எழுதி விழாவின் பெயரைச் சேர்த்து, சர்வரை மீண்டும் தொடங்குவதே வழி. ஒரு நேரத்தில் ஒரு விழாவுக்கே இடமுண்டு. எழுதியதை அழிக்க மறந்தால், பரிசுகளைச் சுமந்த பறக்கும் வண்டியில் ராப்டர் கிளாஸ் மார்ச் மாதத்திலும் வலம் வந்துகொண்டிருப்பார்.

இது வெறும் அலங்காரம் அன்று. விழாக்காலத்தில் காட்டு விலங்குகள் விழாவுக்குரிய நிறங்களில் பிறக்கின்றன. பழக்கி வளர்த்தால் அந்நிறம் விழா முடிந்த பின்னும் நீடித்து, அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. எனவே எந்த விழாவை, எத்தனை நாள் வைப்பது என்பது சர்வரில் ஆடுவோரின் செல்வத்தைப் பாதிக்கும் முடிவு. அம்முடிவை எடுப்பவர் பெரும்பாலும் நண்பர்களிடம் பங்கு வாங்கி வாடகை கட்டும் ஒரு தனிமனிதர். கன்சோல்களில் இன்னொரு இடைத்தரப்பும் இருந்தது. அவற்றுக்கான ஆர்க் சர்வர்களை வாடகைக்கு விடும் உரிமை ஜெர்மானிய நிறுவனமான நைட்ராடோவிடம் இருந்தமையால், அந்நிறுவனத்தின் மேலாண்மைப் பக்கம் காட்டும் தெரிவுகளே வாடகைதாரரின் எல்லையாயின.

அத்தெரிவுகளின் பட்டியலை வரிசையாகப் படித்தால் அமெரிக்க அங்காடிகளின் ஓராண்டு விற்பனைக் காலங்கள் கண்முன் வருகின்றன: காதலர் நாள், ஈஸ்டர், கோடை, ஹாலோவீன், நன்றி நவிலல், கிறிஸ்துமஸ். தீபாவளிக்கோ ரமலானுக்கோ அதில் பெயரில்லை. இதனை உள்நோக்கமாகக் கருதுவதைவிட, நாட்காட்டி எங்கு எழுதப்பட்டதோ அவ்விடத்தின் வாழ்க்கை அதில் படிந்திருக்கிறது என்று கொள்வதே பொருந்தும். ஆயினும் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உடனிருக்கிறது. கிரெகோரியன் தேதியில் நிலைத்த விழாவை ஒரு வரியில் எழுதிவிடலாம். சந்திரனைப் பின்பற்றும் விழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் எவராவது கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இக்கணக்கின் இடர் வெளிப்படையாகத் தெரிவது 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டைத் தனியார் மீட்டுருவாக்கிய நிரல்களில். 2004 நவம்பரில் வெளியான இவ்விளையாட்டின் அதிகாரபூர்வ சர்வர்களை எவரும் வாடகைக்கு எடுக்க இயலாது. ஆகவே ஆர்வலர்கள் 'மேங்கோஸ்', 'ட்ரினிட்டிகோர்' போன்ற மாற்று நிரல்களை எழுதி, வாடகைக் கணினிகளில் இயக்கினர். அவற்றின் தரவுத்தளத்தில் விழாக்களுக்கென ஓர் அட்டவணை உண்டு: தொடங்கும் நாள், நீடிக்கும் காலம், மீண்டும் வரும் இடைவெளி. பின்னிரண்டும் நிமிடங்களில். ஆண்டுக்கொரு முறை வரும் விழாவுக்கு இடைவெளியாக 525600 நிமிடங்கள் எழுதப்பட்டன. அது சரியாக 365 நாள். லீப் ஆண்டு ஒவ்வொன்றும் கடக்கையில் விழா ஒரு நாள் முன்னதாக வந்துவிடும். ஈஸ்டரை ஒட்டிய விழாவையோ ஆண்டுதோறும் கையால் திருத்த வேண்டும்.

இந்திய நாட்காட்டி வரலாற்றைப் பயின்றோருக்கு இது பழகிய சிக்கல். மேக்நாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, மரபான ஆண்டின் நீளம் பருவ ஆண்டைவிடச் சற்று மிகுந்திருந்ததால் நம் பண்டிகைகள் பருவங்களிலிருந்து சுமார் 23 நாள் விலகியிருந்ததை எடுத்துக்காட்டியது. அங்கே விழாக்கள் பின்னோக்கித் தள்ளிப்போயின. மாற்று சர்வர்களில் முன்னோக்கி வந்தன. சாகா குழுவுக்கு அரசு இருந்தது, 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டியும் நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பண்டிகைகளோ பழைய பஞ்சாங்கத்தையே பின்பற்றுகின்றன.

மாற்று சர்வர்களின் உரிமை எவ்வளவு மெல்லியது என்பதை 2016 ஏப்ரல் காட்டியது. பெருங்கூட்டத்தை ஈர்த்திருந்த 'நாஸ்டால்ரியஸ்', பிளிஸார்ட் நிறுவன வழக்கறிஞர்களின் அறிவிக்கையைப் பெற்று மூடப்பட்டது. அந்த அறிவிக்கை அதை நடத்தியோரோடு நிற்கவில்லை. கணினியை அவர்களுக்கு வாடகைக்கு விட்ட பிரெஞ்சு நிறுவனமான ஓவிஎச்சையும் குறிவைத்தது. பதிப்புரிமை நோக்கில் பிளிஸார்டின் பக்கம் சட்டம் வலுவாகவே இருந்தது. எனினும் பழைய வடிவத்துக்கான அந்த ஆவல் பொருட்படுத்தத்தக்கது என்பதை 2019 ஆகஸ்டில் அந்நிறுவனமே 'கிளாசிக்' வடிவத்தை வெளியிட்டு ஒப்புக்கொண்டது.

ஆர்க்கின் முடிவு வேறுவிதமானது. 2023 செப்டம்பர் 30 அன்று அவ்விளையாட்டின் அதிகாரபூர்வ சர்வர்கள் மூடப்பட்டன. எட்டாண்டுகளாக மக்கள் கட்டிய கோட்டைகளும் வளர்த்த விலங்குகளும் அடங்கிய இறுதிச் சேமிப்புக் கோப்புகளை நிறுவனம் பொதுவில் வழங்க முன்வந்தது. விரும்பியோர் அவற்றை எடுத்துத் தம் வாடகை சர்வரில் ஏற்றலாம். குளிர்கால விழாவின் பெயரைத் தொடக்கக் கட்டளையில் எழுதலாம். அவ்வுலகங்களுக்கு இனி நாள் குறிப்பவர் வாடகை கட்டுபவரே.

அடுத்த மாதம், 2023 அக்டோபர் 25 அன்று வந்த 'ஆர்க்: சர்வைவல் அசென்டட்' இந்த ஏற்பாட்டை மாற்றியது. அதில் விழாக்கள் 'கர்ஸ்ஃபோர்ஜ்' தளத்தில் வைக்கப்பட்ட தனித்தனித் தொகுப்புகள். சர்வர் நடத்துபவர் தொகுப்பின் எண்ணைத் தம் அமைப்பில் சேர்க்க, விழா வெளியிலிருந்து இறங்கி வருகிறது. பயன்பாட்டில் இது எளிதுதான். ஆனால் முந்தைய ஆர்க்கில் விழாவின் உருவங்கள் விளையாட்டுக் கோப்புகளுக்குள்ளேயே இருந்தன. புதியதில் அவை இன்னொரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருக்கின்றன. அக்களஞ்சியம் மூடப்படும் நாளில் வாடகைதாரரின் கையில் எஞ்சுவது ஓர் எண் மட்டுமே.

இவ்விழாக்களை ஆய்வுப் பொருளாகக் கொள்வோர் பெரும்பாலும் காணொளிகளையே சேமிக்கின்றனர். பழைய ஆர்க்கின் ஒரு குளிர்காலத்தை மீண்டும் நிகழ்த்திப் பார்க்க வேண்டுமானால் உலகச் சேமிப்புக் கோப்பு, அதே பதிப்பின் சர்வர் நிரல், தொடக்கக் கட்டளையின் அந்த ஒற்றை வரி ஆகிய மூன்றும் வேண்டும். முதலிரண்டையும் காப்பதில் ஆர்வலர்கள் அக்கறை காட்டுகின்றனர். மூன்றாவது, எவரோ வாடகை நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு மாலை தட்டச்சிட்டு ஜனவரியில் அழித்துவிட்ட வரி.