கொசஸ்தலையாற்றங்கரையில் மூதாதையர் உணவு

அண்மைக் காலமாக நம் சமூகத்தின் விருந்து வீடுகளில் ஒரு காட்சியைக் காண்கிறோம். பிரியாணியில் சோற்றை ஒதுக்கிவிட்டு இறைச்சியை மட்டும் எடுத்துக்கொள்வோர் பெருகியிருக்கின்றனர். காரணம் கேட்டால், 'இதுவே நம் மூதாதையர் உணவு. மாவுச்சத்தைக் குறைத்தால் நீரிழிவும் உடற்பருமனும் அகலும்' என்கின்றனர். இக்கூற்றில் மருத்துவம் ஒரு பாதி; வரலாறு மறுபாதி. மருத்துவப் பாதியை மருத்துவர்கள் ஆராய்ந்து வருகின்றனர். வரலாற்றுப் பாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மீஞ்சூரை அடுத்த வள்ளூர்ப் பகுதி வழியாக ஓடி, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேரும் கொசஸ்தலையாறு நமக்குப் போதிய சான்றுகளைத் தருகிறது.

1863ஆம் ஆண்டு இரு வேறு நிகழ்வுகள் நடந்தன. நிலவியலறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் அவ்வாண்டு மே மாதம் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். செப்டம்பரில் கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். இந்தியாவில் பழங்கற்கால ஆய்வு தொடங்கியது இவ்வாறுதான். அதே ஆண்டு இலண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் உடற்பருமன் பற்றிய சிறு வெளியீடு ஒன்றைக் கொண்டுவந்தார். இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் தொழில் செய்த அவர், ஹார்வி என்னும் மருத்துவரின் ஆலோசனைப்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்த்து உடல் மெலிந்தவர். மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையைப் பொதுமக்களிடம் பரப்பிய முதல் நூல் என அவ்வெளியீட்டைக் கூறலாம்.

ஒருவரையொருவர் அறியாத இவ்விரு முயற்சிகளும் பின்னர் ஒரே கருத்தில் இணைந்தன. 1985இல் ஈட்டன், கோனர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பழங்கற்கால மனிதரின் உணவைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினர். வேட்டையாடியும் காய்கனிகளைச் சேகரித்தும் வாழ்ந்த காலத்து உணவுக்கே நம் உடல் பழகியிருக்கிறது என்பது அவர்களின் வாதம். அதன் வழிவந்த 'பேலியோ' உணவுமுறை, 2010களின் நடுப்பகுதியில் நியாண்டர் செல்வன் போன்றோரின் எழுத்துகளால் தமிழரிடையேயும் பரவியது.

அத்திரம்பாக்கம் இக்கருத்தைப் பற்றி என்ன சொல்கிறது? தொல்லியலறிஞர் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அங்கு அகழ்ந்து, கற்கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் நிறுவினர். மாட்டினம், குதிரையினம், நீல்காய் மான் ஆகியவற்றின் புதைபடிவப் பற்களும் அங்குக் கிடைத்தன. இவ்வாற்றங்கரையில் பெருவிலங்குகள் திரிந்தன என்பது இவற்றால் உறுதியாகிறது. ஆயினும் கல்லும் பல்லும் நிலைப்பதுபோல் கிழங்கும் கீரையும் காயும் நிலைப்பதில்லை. ஆகவே அம்மனிதர் இறைச்சி எவ்வளவு, கிழங்கு எவ்வளவு உண்டனர் எனக் கணக்கிட நம்மிடம் அளவுகோல் இல்லை. கலீலி ஏரிக்கரையில், வேளாண்மை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் காட்டு வாற்கோதுமையைச் சேர்த்து உண்டதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. மூதாதையர் தானியத்தையே அறியார் எனும் கூற்று இதனால் வலுவிழக்கிறது.

அடுத்து, எந்த மூதாதையர் என்னும் வினா எழுகிறது. இவ்வாறு பாயும் தொண்டை நாட்டைக் காட்டும் பழைய நூல் பெரும்பாணாற்றுப்படை. அதில் பாணன் செல்லும் வழியில் நிலத்துக்கு நிலம் உணவு மாறுகிறது. எயினர் குடியில் புல்லரிசியும் உலர்ந்த இறைச்சியும், ஆயர் குடியில் தினையும் பாலும், உழவர் குடியில் நெற்சோறும் கோழியும், வலைஞர் குடியில் மீனும் விருந்தாகின்றன. ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இத்தனை வகை உணவுகள் இருந்துள்ளன. தானியம் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது; அதனோடு பாலோ மீனோ இறைச்சியோ சேர்ந்தே இருக்கிறது. இச்சேர்க்கையே நாம் கருத்தில் கொள்ளத்தக்கது.

இச்சேர்க்கை ஏழையின் தட்டிலிருந்து விலகியதற்கும் வரலாற்றுச் சான்று உண்டு. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய இராபர்ட் மெக்காரிசன், 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி, சிறிது இறைச்சி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே மிகுந்து மற்றவை குறைந்த சென்னை மாகாண உணவை உண்டவை வரிசையின் கடைசியில் நின்றன. ஆக, வெறும் சோற்றால் வயிற்றை நிரப்பும் வழக்கத்தை மூதாதையரின் தேர்வென்று கொள்வதைவிட வறுமையின் விளைவென்று கொள்வதே பொருந்தும்.

அன்று உடலுழைப்பு அச்சோற்றை எரித்தது. இன்று உழைப்பு குறைந்தும் சோறு குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய நாடுதழுவிய ஆய்வு, 2023இல் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என மதிப்பிட்டது. 2025இல் வெளியான அதன் உணவுப் பகுதி, இந்தியர் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகக் காட்டிற்று. அதில் 5 விழுக்காட்டுக்கு ஈடாகப் பயறு, பால், முட்டை, மீன் இவற்றின் புரதம் அமையுமானால் நீரிழிவு வாய்ப்புக் குறைவதையும் அது கண்டது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் அப்பயன் காணப்படவில்லை. சோற்றை முற்றாகத் துறப்பதன்று, அதன் பங்கைச் சிறிது குறைத்துப் புரதத்துக்கு இடமளிப்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

நம் மரபுக்கு இவ்வளவறிதல் புதிதன்று. வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் மூன்றாகப் பகுக்கச் சொல்லும் நபிமொழியை வாசகர் அறிவர். ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த மருத்துவ மேதை அர்ராஸீ, உணவுகளின் நன்மைகளையும் அவற்றின் தீங்குகளை நீக்கும் முறைகளையும் பற்றித் தனி நூலே இயற்றினார். யூனானி மருத்துவம் உணவால் குணப்படுத்துதலை, 'இலாஜ் பில் கிஸா' என, சிகிச்சை வகைகளுள் ஒன்றாக வைத்தது. எல்லோருக்கும் ஒரே உணவை அம்மரபு விதிக்கவில்லை. ஒருவரின் வயது, உடலியல்பு, பருவம் ஆகியவற்றை நோக்கியே உணவு கூறியது. நீரிழிவுக்கு மருந்து உண்போரும் சிறுநீரக நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்துதல் ஆபத்து என்னும் இன்றைய எச்சரிக்கையும் இம்மரபோடு ஒத்துப்போகிறது.

மீண்டும் வள்ளூருக்கு வருவோம். ஆய்வு பரிந்துரைக்கும் மீன் புரதம் இப்பகுதியின் ஏழைகளுக்கு ஒரு காலத்தில் ஆற்றிலேயே கிடைத்தது. எண்ணூர்க் கழிமுகத்தின் இறாலும் நண்டும் மடவையும் மீனவர், இருளர் குடும்பங்களுக்குத் தொழிலும் உணவுமாக இருந்தன. வடக்கே மரைக்காயர் வாழும் பழவேற்காடு வரை நீண்ட உவர்நீர்ப் பரப்பு முழுதும் இதுவே நிலை. பின்னர் 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், 2010களில் வள்ளூரின் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையமும் வந்தன. கழிமுகத்தில் படிந்த நிலக்கரிச் சாம்பலை அகற்றி அதனை மீட்குமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் ஆணையிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் அதே நீரில் பரவி, வலைகளையும் படகுகளையும் பாழ்படுத்தியது.

இந்நாடு முழுவதற்கும் மின்னொளி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையில் ஒரு பகுதியை இக்கரைவாழ் மக்கள் தம் உணவுத் தட்டிலிருந்து செலுத்துகின்றனர். ஆற்றில் மீன் குறைந்தால் அவர்களுக்கு எஞ்சுவது நியாயவிலைக் கடை அரிசி மட்டுமே. மாவுச்சத்தைக் குறைக்குமாறு மருத்துவர் கூறும் அறிவுரையை வசதி படைத்தோர் அங்காடியில் நிறைவேற்றிக்கொள்ளலாம். இம்மக்கள் எங்கே நிறைவேற்றுவர்?

மூதாதையர் உணவைப் போற்றுவோர் அவ்வுணவைத் தந்த ஆற்றையும் போற்றுதல் வேண்டும். 15 இலட்சம் ஆண்டுகளாக மனிதருக்கு உணவளித்த கொசஸ்தலையாற்றைத் தூய்மையாக மீட்பது, சூழலியல் ஆர்வலரின் கோரிக்கை என்று ஒதுக்கத்தக்கதன்று. நீரிழிவைத் தடுக்க விரும்பும் ஒவ்வொருவரின் கோரிக்கையாகவும் அது அமைய வேண்டும் என்பதே நம் கருத்து.