குருதிக்கும் தசைக்கும் உள்ள உறவு

நாம் இரவும் பகலும் மூச்சு விடுகின்றோம். அம்மூச்சோடு உட்செல்லும் ஒட்சிசன் கால்விரல் நுனிவரை எவ்வாறு சென்று சேர்கின்றது என்று சிந்திப்பவர் நம்மில் எத்தனை பேர்? குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபின் என்னும் புரதமே அதனைச் சுமந்து செல்கின்றது. அப்புரதத்தின் உருவத்தைக் காண்பதற்கென ஒருவர் தம் வாழ்நாளில் 22 ஆண்டுகளை ஈந்தார். அவரே மாக்ஸ் பெருட்ஸ்.

1914 ஆம் ஆண்டு வியன்னா நகரில், நெசவாலை நடத்திய குடும்பத்திற் பிறந்தவர் பெருட்ஸ். 1936 இல் கேம்பிரிட்ஜ் சென்று, கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் பேர்னல் என்னும் அறிஞரிடம் பயிலலானார். மறு ஆண்டில், குதிரையின் ஈமோகுளோபினைப் பளிங்குருவிற் பெற்று எக்ஸ்-கதிர்களால் ஆராயத் தொடங்கினார். பளிங்கினூடு செல்லும் கதிர்கள் படத்தாளிற் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் ஒழுங்கைக் கணித்தறிதல் வேண்டும். ஏறக்குறைய 10,000 அணுக்களை உடைய மூலக்கூற்றை இவ்வழியால் அறிதல் ஆகாத காரியம் என்றே பலரும் கருதினர்.

காலமும் அவருக்குப் பகையாயிற்று. 1938 இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைக் கைப்பற்றவே, யூத வழிவந்த அவர் குடும்பம் அகதியாயிற்று. 1940 இல், பகைநாட்டார் என்று அவரையே ஆங்கில அரசாங்கம் தடுத்து வைத்துக் கனடாவுக்கு அனுப்பியது. 1941 இல் விடுதலை பெற்று மீண்டவர் தாம் விட்டுச் சென்ற ஆய்வையே மறுபடியும் தொடர்ந்தார்.

இதனினும் பெரிய சோதனை அறிவுத் துறையிலேயே நேர்ந்தது. புரதச் சங்கிலி எவ்வாறு சுருண்டிருக்கும் என்பது பற்றி அவரும் பிராக், கென்றூ ஆகியோரும் 1950 இல் வெளியிட்ட கட்டுரை பிழையானது. மறு ஆண்டு அமெரிக்க அறிஞர் பாலிங் சரியான விடையைத் தந்தார். அதனைப் படித்த பெருட்ஸ் பொறாமை கொண்டு வாளாவிருந்தாரல்லர். உடனே ஆய்வுகூடம் சென்று, ஒரு குதிரை மயிரைக் கதிரின் முன் வைத்துப் படமெடுத்தார். பாலிங்கின் கொள்கை மெய்யானால் எந்த இடத்தில் ஓர் அடையாளம் தோன்ற வேண்டுமோ, அந்த இடத்திலேயே அது தோன்றியது. தம்மை வென்றவரின் கொள்கைக்குத் தாமே சான்று தேடிக் கொடுத்தார்! இது கைதவறிப் போயிற்றே என்ற கோபமே தம்மைத் தூண்டியது என்று அவர் சொல்ல, அப்படியாயின் உமக்கு முன்னரே கோபமூட்டியிருக்கலாமே என்று பிராக் கூறினாராம்.

1953 இல் வழி திறந்தது. புரதத்தோடு இரச அணுக்களை இணைத்துப் படமெடுத்தால் புள்ளிகளின் செறிவு மாறும் என்பதையும், அம்மாற்றத்தைக் கொண்டு உருவத்தைக் கணிக்கலாம் என்பதையும் அவர் கண்டார். இம்முறையைக் கையாண்டு, அவருடைய தோழர் கென்றூ, தசையில் ஒட்சிசனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபினின் உருவத்தை முதலில் வெளிப்படுத்தினார். அப்புரதம் திமிங்கிலத்தின் தசையிலிருந்து பெறப்பட்டது. 1959 இல் ஈமோகுளோபினும் தன் உருவைக் காட்டியது. என்னே வியப்பு! அதன் நான்கு பகுதிகளுள் ஒவ்வொன்றும் மயோகுளோபினை ஒத்திருந்தது. குதிரையின் குருதியும் திமிங்கிலத்தின் தசையும் ஒரு குலத்துப் புரதங்களையே கொண்டுள்ளன என்பது புலனாயிற்று. 1962 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது.

பெருட்ஸ் அதனோடு ஓய்ந்தாரல்லர். ஒரு பகுதி ஒட்சிசனைப் பற்றியதும் ஏனைய பகுதிகள் அதனை எளிதிற் பற்றுதற்கேற்ப எவ்வாறு அசைகின்றன என்பதை 1970 இல் விளக்கினார். அவருடைய ஆய்வுப் பிரிவிலே பணியாற்றிய இன்கிராம் என்பவர், அரிவாட்கல நோய்க்குக் காரணம் ஈமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறியிருத்தலே என்று காட்டியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2002 இல் பெருட்ஸ் காலமானார்.

ஆணவம் உயிரின் அறிவை மறைக்கும் என்று நம் சைவ சமயம் போதிக்கின்றது. பரீட்சையிற் சித்தியடைதலே கல்வி என்றும், பிழையை ஒப்புக்கொள்வது இழிவென்றும் எண்ணி வாழும் நாம் இப்பெரியாரின் வாழ்வை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நமது கருத்துப் பிழையென்று பிறர் காட்டும்போது சினந்து நிற்பதா, சென்று சோதித்துப் பார்ப்பதா? பெருட்ஸ் பின்னதைச் செய்தார். அதனாலேயே அவரால் 22 ஆண்டுகள் உண்மையின் பின் செல்ல முடிந்தது.