கத்திக்கு ஒரு கயிறு

வேலைக்கோ கம்பஸுக்கோ போற எங்களில் பலபேரின் கழுத்தில ஒரு அடையாள அட்டை தொங்குது. அதைத் தாங்கும் நாடாவை லான்யார்ட் என்கிறோம். பழைய பிரெஞ்சில் தோல்வாரைக் குறித்த ஒரு சொல் ஆங்கிலக் கப்பல்களில் ஏறி, பலவகைக் கயிறுகளுக்குப் பெயராகி, கடைசியில் அலுவலக வாசல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கயிறுகளில் ஒன்று மாலுமியின் கத்திக் கயிறு. அதன் கதை கொஞ்சம் கவனிக்க வேண்டியது.

பாய்க்கப்பலில் கத்தி என்பது ஆயுதம் இல்லை, கை மாதிரி. சிக்கிய கயிறை வெட்ட, சாப்பாட்டை அறுக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் பாய் சுருட்டுகிற வேலை தரையில் நடப்பதில்லை. பாய்மரத்தில் ஏறி, பருமல் எனும் குறுக்குமரத்தில் வயிற்றைச் சாய்த்து, காலுக்குக் கீழே ஒரு கயிற்றை மட்டும் நம்பி நிற்க வேணும். ஒரு கை உனக்கு, மற்றக் கை கப்பலுக்கு என்பது அந்தக் கால மாலுமிகளின் பேச்சு. வேலைக்கு மிஞ்சுவது ஒரே ஒரு கை. அந்தக் கையில் இருந்து கத்தி நழுவினால் இரண்டில் ஒன்று நடக்கும். கடலில் விழுந்தால் கத்தி போச்சு. தளத்தில் விழுந்தால் கீழே நிற்பவனின் உயிர் போகலாம். இதனால்தான் கத்தியைக் கயிற்றில் கட்டிக் கழுத்திலோ இடுப்பிலோ போட்டார்கள். கயிறு காப்பாற்றியது கத்தி வைத்திருந்தவனை மட்டுமல்ல, அவனுக்குக் கீழே நின்றவனையும்தான்.

மேலிடத்துக்குக் கத்தி வேறு மாதிரித் தெரிந்தது. 1866இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: வணிகக் கப்பலில் எந்த மாலுமியும் உறைக்கத்தி அணியக்கூடாது. வேலைக்குச் சேர வருபவர்களுக்கு இதை அறிவிக்கும் பொறுப்பையும் கப்டனிடமே கொடுத்தது. மடக்குக் கத்திக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மடக்குக் கத்தி, அதாவது எங்கட வில்லுக்கத்தி, உறையில் நிற்காது, பொக்கற்றில்தான் கிடக்கும். மேலே ஏறும்போது விழாமல் இருக்க அதுக்கும் கயிறு தேவைப்பட்டது.

பிரித்தானியக் கடற்படையில் கதை இன்னொரு பக்கம் திரும்பியது. 1857இல்தான் அங்கே சாதாரண மாலுமிகளுக்கு முதன்முதலாக ஒழுங்கான சீருடை விதிக்கப்பட்டது. கத்தி கட்டிய வெள்ளைக் கயிறு காலப்போக்கில் அந்தச் சீருடையோடு சேர்ந்துவிட்டது. இன்றைக்கு அணிவகுப்பில் வெள்ளைக் கயிறு இருக்குது, கத்தி இல்லை.

சரி, அந்தக் கயிறை எப்படிக் கட்டுறது? இரண்டு மீற்றர் அளவில் கயிறு எடுத்து நடுவில் மடியுங்கோ. மடிப்பைக் கத்தியின் வளையத்துக்குள்ளால விட்டு, இரண்டு நுனிகளையும் அந்த மடிப்புக்குள்ளால எடுத்து இழுத்தால் கயிறு கத்தியைப் பிடித்துக்கொள்ளும். அதுக்குக் கிட்டவே இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரு சாதாரண முடிச்சு, பிறகு நுனிகளைச் சேர்த்துக் கட்டினால் வேலை முடிந்தது. கையை முழுதாக நீட்டினாலும் கயிறு இழுபடக்கூடாது, அதுதான் நீளத்துக்குக் கணக்கு.

மாலுமிகள் அந்தச் சாதாரண முடிச்சோடு நிற்கவில்லை. இரண்டு இழைகளையும் மேலும் கீழுமாகப் பின்னித் தட்டையாக ஒரு முடிச்சுச் செய்வார்கள். பிறகு ஒவ்வொரு நுனியையும் பக்கத்து இழையைச் சுற்றிக் கொண்டுவந்து, நடுக்கண்ணுக்குள்ளால மேலே எடுப்பார்கள். ஒரேயடியாக இழுத்தால் கோணிப்போகும். இழை இழையாக இறுக்கினால் சின்னக் கொட்டை போல உருண்டு நிற்கும். கத்தியைத் தாங்க இவ்வளவு வேலை தேவையில்லைத்தான். ஆனால் மாதக்கணக்கான பயணத்தில், ஓய்வு கிடைத்த நேரத்தில், தன்னுடையது என்று சொல்ல ஒன்றைச் செய்துகொள்வது மாலுமிகளின் பழக்கம்.

இந்த முடிச்சுகள் புத்தகமானதுக்குப் பெரிய காரணம் கிளிஃபோர்ட் ஆஷ்லி என்ற ஓவியர். மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்ட் என்ற திமிங்கில வேட்டைத் துறைமுகத்தில் பிறந்தவர். 1904இல் ஒரு வேட்டைக் கப்பலில் தானே ஏறிப் போனார். பின்னர் 11 ஆண்டு உழைத்து, 3,800க்கு மேற்பட்ட பதிவுகளோடு 1944இல் முடிச்சுகளுக்கான பெரும் நூலை வெளியிட்டார். கத்திக் கயிற்று முடிச்சும் அதில் இருக்கிறது.

அவர் அந்த நூலுக்காக உழைத்துக்கொண்டிருந்த நாட்களில், 1938இல், அதே மாசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்துக்கு எங்கட ஊர்க் கப்பல் ஒன்று போய்ச் சேர்ந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி. வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றிய பாய்க்கப்பல். அதை அங்கே வரைக்கும் ஓட்டிப் போனவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். கப்பலின் பெயர் மாறினாலும் அதன் பாயையும் கயிறையும் பிடித்த கைகள் மாறவில்லை. அன்னபூரணி போனதை நாங்கள் பெருமையாகச் சொல்லுறம். அந்தக் கைகள் என்னென்ன முடிச்சுப் போட்டன என்று எங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறம்? கரையோர ஊர்களில் கயிறு தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. கேட்டு, பார்த்து, படம் கீறி வைக்க ஒரு கொப்பி காணும்.

கழுத்தில் கிடக்கும் நாடாவை இன்னொருக்கா பாருங்கோ. அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், அட்டையில் எங்கட இலக்கம் இருக்கும். மாலுமியின் கயிற்றில் யாருடைய பெயரும் இல்லை. அவன் தானே பின்னிப் போட்டது, கீழே நிற்கிற ஆளின் தலையில் கத்தி விழக்கூடாது என்பதுக்காக.