கப்பலில் பெட்டி அனுப்பும் முன்: பட்டியலே உங்கள் பாதுகாப்பு

வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்குப் பெட்டி கட்டுகிறார் என்றால், அதில் அவருடைய பல மாதச் சேமிப்பு இருக்கிறது. உம்மாவுக்குக் கம்பளி, பிள்ளைகளுக்கு உடுப்பு, வீட்டுக்குப் பாத்திரம், பால் மாவு, பேரீச்சம்பழம், அத்தர். வேலையை முடித்து ஒரேயடியாக ஊர் திரும்புகிறவருக்கு அந்தப் பெட்டிகள் இருபது வருட வாழ்க்கை. ஆனாலும் நம்மில் பலர் பெட்டி கட்டுவதற்கு இரண்டு நாள் செலவிடுகிறோம். அதற்கான தாளில் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம்கூடச் செலவிடுவதில்லை.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். வாப்பா ஊர் திரும்பியபோது ஆறு பெட்டிகளைக் கப்பல் கார்கோவில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தவை ஐந்து. வராத பெட்டியில் பழைய புகைப்பட ஆல்பங்களும், உம்மாவுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த சேலைகளும் இருந்தன. கார்கோ அலுவலகத்தில் கேட்டபோது ரசீதை எடுத்து வரச் சொன்னார்கள். அதில் "துணி, வீட்டுச் சாமான், மொத்தம் 142 கிலோ" என்று மட்டுமே எழுதியிருந்தது. எத்தனை பெட்டி என்பதே அதில் இல்லை. ஆறு பெட்டி கொடுத்தோம் என்பதை நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அன்று கற்ற பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். மற்ற குடும்பங்களாவது இந்த இழப்பிலிருந்து தப்பட்டும்.

பெட்டி எப்படிப் பயணிக்கிறது?

தேரா, பத்ஹா, ஷரஃபிய்யா போன்ற பகுதிகளில் உள்ள கார்கோ கடைகளில் கொடுக்கும் பெட்டி நேராகக் கப்பலில் ஏறுவதில்லை. அது முதலில் ஒரு கிடங்குக்குப் போகிறது. பல வாடிக்கையாளர்களின் சரக்குகள் சேர்ந்து ஒரு கண்டெய்னர் நிரம்பும்வரை அங்கே காத்திருக்கிறது. 20 அடி கண்டெய்னரின் உள் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அது ஜெபல் அலி, தம்மாம், ஜித்தா போன்ற துறைமுகங்களிலிருந்து இந்தியத் துறைமுகத்துக்கு வருகிறது. இங்கே சுங்கச் சோதனை முடிந்த பிறகு பெட்டிகள் பிரிக்கப்பட்டு, லாரியில் ஏறி, ஊருக்கு வருகின்றன.

ஆகவே கப்பல் கடலில் இருக்கும் நாட்கள் இந்தப் பயணத்தில் ஒரு பகுதிதான். கண்டெய்னர் நிரம்பக் காத்திருக்கும் நாட்களும், சுங்கத்தில் நிற்கும் நாட்களும்தான் அதிகம் இழுக்கும். பெருநாளுக்குப் பிள்ளைகள் உடுத்த வேண்டிய உடுப்பை ரமளானில் கப்பலில் போடுவது சரிவராது. தேதி தவறக் கூடாத பொருளை விமானத்தில் அனுப்புங்கள். இல்லையென்றால் மிகவும் முன்கூட்டியே கப்பலில் போடுங்கள்.

கட்டணம்: எடையா, அளவா?

வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும் கார்கோக்காரர்கள் பெரும்பாலும் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். முறையான கப்பல் சரக்கு நிறுவனங்கள் கன மீட்டர் கணக்கில் வாங்குகின்றன. 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள ஒரு அட்டைப்பெட்டி 0.1215 கன மீட்டர். இப்படி எட்டுப் பெட்டிகள் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். கப்பல் சரக்கில் ஒரு கன மீட்டரை 1,000 கிலோவுக்குச் சமமாக வைத்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது வழக்கம். வீட்டுச் சாமான்கள் அந்த எடைக்கு வருவதில்லை என்பதால் அளவுதான் கணக்கில் வரும். பாத்திரம், புத்தகம் போன்ற கனமான பொருட்களுக்கு இந்த முறை லாபம்.

விமானத்தில் இது நேர்மாறு. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6,000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். மேலே சொன்ன அதே பெட்டி அந்தக் கணக்கில் 20.25 கிலோ. உள்ளே 12 கிலோ கம்பளிதான் இருக்கிறது என்றாலும் 20 கிலோவுக்குத்தான் பணம்.

ஏஜென்ட் சொல்லும் தொகையில் எவையெல்லாம் அடங்கும் என்பதை எழுதி வாங்குங்கள். "வீடு வரை" என்பதும் "துறைமுகம் வரை" என்பதும் வேறு வேறு. துறைமுகம் வரை மட்டும் என்றால் டெலிவரி ஆர்டர் கட்டணம், கண்டெய்னர் கிடங்குக் கட்டணம், சுங்க ஏஜென்ட் கூலி, லாரி வாடகை எல்லாம் இங்கே உங்கள் வீட்டார் தலையில் விழும். அங்கே மலிவாகத் தெரிந்தது இங்கே இரட்டிப்பாவது இப்படித்தான்.

சுங்கவரி: மூன்று விதமான பெட்டிகள்

எல்லாப் பெட்டியும் சுங்கத்துறைக்கு ஒன்றல்ல. எந்த வகையில் உங்கள் பெட்டி அனுப்பப்படுகிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, அன்பளிப்பு. ஊரில் உள்ள குடும்பத்தாருக்கு இங்கிருந்து பெட்டி மட்டும் போகிறது, அனுப்புகிறவர் போகவில்லை. ஒரு காலத்தில் குறிப்பிட்ட மதிப்பு வரை இதற்கு வரிவிலக்கு இருந்தது. கடைசியாக 5,000 ரூபாய் வரை இருந்த அந்தச் சலுகையும் 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டுமே விதிவிலக்காக நின்றன. "அன்பளிப்புதானே, வரி வராது" என்று இன்றும் யாராவது சொன்னால் அது பழைய கதை.

இரண்டாம் வகை, பயணியின் பெயரில் தனியாக வரும் பேக்கேஜ். நீங்கள் விமானத்தில் வருகிறீர்கள். பெட்டி கப்பலில் வருகிறது. 2016-ம் ஆண்டு பேக்கேஜ் விதிகள் இதற்குச் சில நிபந்தனைகளை வகுத்தன. அந்தப் பொருட்கள் வெளிநாட்டில் உங்கள் கைவசம் இருந்தவையாக இருக்க வேண்டும். நீங்கள் இந்தியா வந்த ஒரு மாதத்துக்குள் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு முன்பே பெட்டி வருவதானால், இரண்டு மாதம் வரை முந்தி வரலாம். நோய், இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் உங்கள் பயணம் தடைப்பட்டால் அதிகாரி இந்தக் காலத்தை நீட்டித்துத் தர முடியும். முக்கியமானது இதுதான்: விமான நிலையத்தில் கையோடு கொண்டுவரும் பொருளுக்குக் கிடைக்கும் வரிவிலக்குத் தொகை இந்தப் பெட்டிக்குக் கிடையாது. நீங்கள் பயன்படுத்திய சொந்த உடைமைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. புதிய பொருளுக்கு வரி உண்டு. பேக்கேஜ் வரி நீண்ட காலமாக 35 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரி என மொத்தம் 38.5 சதவீதமாக இருந்துவந்திருக்கிறது.

மூன்றாம் வகை, ஒரேயடியாகக் குடிபெயர்ந்து வருகிறவரின் வீட்டுச் சாமான். வெளிநாட்டில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்து, பயன்படுத்திய வீட்டுப் பொருட்களுக்கு இதில் கூடுதல் சலுகை. 2016 விதிகளின்படி, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்தவருக்கு 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரை விலக்கு வைக்கப்பட்டது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் ஊருக்கு விடுமுறையில் வந்த நாட்கள் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

தொகைகளும் விகிதங்களும் மாறிக்கொண்டே இருப்பவை. நண்பர் போன வருடம் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். புறப்படும் மாதத்தில் நடப்பில் உள்ள விதியைச் சுங்கத்துறையின் இணையதளத்தில் பாருங்கள்.

இன்னொன்றும் நம் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வஃபாத்தானவர்களின் உடைமைகளை ஊருக்கு அனுப்பும்போது, அவர் பயன்படுத்திய சொந்தப் பொருட்களுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் வரிவிலக்கு உண்டு. அந்தப் பொருட்கள் அவருக்குச் சொந்தமானவை என்று அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் தரும் சான்றிதழ் வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டாருக்கு இது நினைவில் வராது. உடன் வேலை பார்த்தவர்கள்தான் எடுத்துச் சொல்லி, தூதரகத்துக்குப் போய் வாங்கித் தர வேண்டும்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

தங்கம், ரொக்கப் பணம், பாஸ்போர்ட், பத்திரங்கள், பள்ளி கல்லூரிச் சான்றிதழ்கள் ஆகியவற்றைக் கப்பலில் போடாதீர்கள். இவை எப்போதும் கையோடு வர வேண்டும். மீண்டும் எடுக்க முடியாத புகைப்படங்களும் அப்படித்தான். எங்களுக்கு அது காலம் கடந்துதான் புரிந்தது.

ஸ்ப்ரே, ஆல்கஹால் கலந்த சென்ட், நெயில் பாலிஷ், லைட்டர் ஆகியவை தீப்பற்றும் பொருட்கள். பவர் பேங்க் போன்ற லித்தியம் பேட்டரிகளும் கடல் போக்குவரத்தில் ஆபத்தான சரக்காகவே கருதப்படுகின்றன. கம்பளிக்கு நடுவே ஒளித்து வைத்த ஒரு பவர் பேங்க் தீப்பிடித்தால் கண்டெய்னரில் உள்ள எல்லோருடைய பொருளும் போய்விடும். டிரோன் இறக்குமதியை இந்தியா 2022 பிப்ரவரியில் தடை செய்தது. சாட்டிலைட் போனுக்கும் அனுமதியில்லை. ஃபிளாட் டிவிக்கு 2013 ஆகஸ்ட் முதல் பயணிகளின் இலவசச் சலுகை நிறுத்தப்பட்டது; வரியைக் கணக்கிட்டால் ஊரிலேயே வாங்குவது லாபமாக இருக்கும்.

ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் பெட்டி போகும்போதும் கவனம் தேவை. நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். மருத்துவர் சீட்டு இல்லாத மாத்திரைகளும் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

அடுத்தவர் பொட்டலம்

"மச்சான், ஒரு சின்னப் பொட்டலம்தான், உன் பெட்டியில் போட்டுவிடு" என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல நமக்குத் தயக்கம். ஆனால் பெட்டி உங்கள் பெயரில், உங்கள் பாஸ்போர்ட்டில் வருகிறது. அறிவிக்காத பொருள் உள்ளே இருந்தால் சுங்கச் சட்டம் அதைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் இடம் தருகிறது. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வாங்கிக்கொள்வதானால் பிரித்துப் பார்த்து, பட்டியலில் எழுதிவிட்டு வையுங்கள். பிரிக்க வேண்டாம் என்று சொல்லும் பொட்டலத்தை வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் அது அமானிதம். உங்கள் பொருளைப் போலவே அதையும் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உங்களுடையது.

பாஸ்போர்ட் நகலும் அப்படித்தான். ஏஜென்ட் கேட்டால் நகலின் குறுக்கே தேதியையும், "இந்த ஆறு பெட்டிகளுக்கு மட்டும்" என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வேறு யாருடைய சரக்கும் உங்கள் பெயரில் வராமல் இருக்க இது ஒரு தடுப்பு.

பட்டியல் எழுதும் முறை

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போடுங்கள்: 1/6, 2/6 என்று. ஒவ்வொன்றிலும் என்ன பொருள், எத்தனை, பழையதா புதியதா, தோராய மதிப்பு என்ன என்று எழுதுங்கள். "வீட்டுச் சாமான்" என்று எழுதாமல், "எவர்சில்வர் பானை 2, பழையது" என்று எழுதுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதும்படி சில ஏஜென்ட்கள் சொல்வார்கள். அது பொய்யான அறிவிப்பு. பிடிபட்டால் தண்டனை உங்களுக்கு. பொருள் தொலைந்தால் நஷ்ட ஈடும் அந்தக் குறைத்த மதிப்புக்குத்தான்.

மூடும் முன் உள்ளே இருப்பதையும், மூடிய பின் நான்கு பக்கத்தையும் படம் எடுங்கள். பெயர், முழு முகவரி, பின்கோடு, ஊரிலுள்ள இரண்டு கைபேசி எண்களை வெளியே ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதே விவரத்தை ஒரு தாளில் உள்ளேயும் வையுங்கள். வெளிச்சீட்டு மழையில் கிழிந்தாலும் உள்சீட்டு பேசும். ரசீதில் எடையோடு பெட்டிகளின் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பட்டியலின் ஒரு பிரதியில் கடை முத்திரை வாங்குங்கள். பில் ஆஃப் லேடிங் எண்ணும் கண்டெய்னர் எண்ணும் கிடைத்ததும் கேட்டு வாங்கி வையுங்கள்.

கண்டெய்னருக்குள் பகலில் சூடும் இரவில் குளிருமாக மாறி, உள்ளே நீர் கோத்துச் சொட்டும். துணிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை வையுங்கள். கனமான பொருள் அடியில், உடையும் பொருள் துணிகளுக்கு நடுவில்.

காப்பீடு எதற்கு?

கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு எடைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்ற வரம்புக்கு உட்பட்டது. அதோடு, பலருக்குத் தெரியாத ஒரு பழைய கடல் வழக்கமும் உண்டு. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஏற்படும் அசாதாரணச் செலவைச் சரக்கின் சொந்தக்காரர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் தரைதட்டியபோது அதன் உரிமையாளர் இந்த முறையைத்தான் அறிவித்தார். அதில் சரக்கு வைத்திருந்தவர்கள் தம் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகே பொருளை எடுக்க வேண்டியிருந்தது. சரக்குக் காப்பீடு இருந்தால் இந்தச் சுமையை அது ஏற்கும். வட்டி, காப்பீடு விஷயத்தில் பேணுதல் உள்ளவர்களுக்கு வளைகுடாவில் தகாஃபுல் முறையிலும் கடல் சரக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது.

பெட்டி வந்த பிறகு

துறைமுகத்தில் இறக்கிய 30 நாட்களுக்குள் எடுக்காத சரக்கை, அறிவிப்புக் கொடுத்து விற்க 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 48-வது பிரிவு அனுமதிக்கிறது. கிடங்கு வாடகையும் நாளுக்கு நாள் ஏறும். எனவே ஊரில் ஒருவர் தாள்களோடு தயாராக இருக்க வேண்டும். வீட்டு வாசலில் பெட்டி இறங்கும்போது எண்ணிக்கையைச் சரிபார்த்து, கிழிசல், பசை நாடா மாற்றம் இருந்தால் படம் எடுத்து, கொண்டுவந்தவரின் தாளிலேயே குறையை எழுதி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள். "எல்லாம் சரியாகப் பெற்றேன்" என்று கையெழுத்திட்ட பின் கேட்கும் கேள்விக்குப் பலமில்லை.

எங்கள் வாப்பா அதன் பிறகு ஊரிலிருந்து யார் சபர் போனாலும் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்தனுப்புவார்கள். "பெட்டி கட்டும்போது முதல்ல இதுல எழுது, அப்புறம் உள்ளே வை" என்பார்கள். பல வருட உழைப்பு பத்திரமாக வந்து சேர, அந்த நோட்டும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். அல்லாஹ் நம் எல்லோருடைய உழைப்பிலும் பரக்கத் செய்வானாக.